வெள்ளையாக வந்த வாழைப்பூ

அந்த வாழைப்பூ அவ்வளவு வெள்ளையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளிக்குப் பிடித்திருந்தது. உறையவைத்த பை ஒன்றைப் பிரித்து, ஒரு கைப்பிடிப் பூவைத் தட்டில் கொட்டி, படம் எடுத்து, மெல்பர்னில் எங்கள் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்திருந்தன. "பாத்தியாம்மா, பூ மாதிரி இருக்கு," என்றார் என்னிடம்.

"பூதானே பாஸ்," என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பண்டமாரானில், கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் காலையிலிருந்தே ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு சாலையின் ஓரத்தில்தான் எங்கள் தொழிற்சாலை. முருங்கைக்காய், வெண்டைக்காய், முருங்கைக் கீரை, வாழைப்பூ எல்லாவற்றையும் நறுக்கி, பையில் அடைத்து, உறையவைத்து, வாழைமரத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லாத ஊர்களில் குடியேறிவிட்ட தமிழர்களுக்கு அனுப்புகிறோம். நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலேறி கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து பண்டமாரான் போய் நான் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கணவருக்கு இதில் வேறு கருத்து உண்டு. சம்பளம் இல்லாமலேயே நான் அதை நன்றாகச் செய்வேன் என்பார்.

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், அது நறுக்கிய மாத்திரத்தில் கறுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் ஊறவைப்போம். அப்படியும் ஒரு மங்கல் நிறம்தான் வரும். மெல்பர்ன் வியாபாரி அதைப் பற்றிப் பலமுறை புலம்பியிருந்தார். கறுத்துக் கிடக்கும் பையைக் கடையில் யாரும் எடுப்பதில்லையாம். சில வாரங்களுக்கு முன்பு முதலாளி நறுக்கும் கூடத்துக்கே வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எப்படியாவது வெள்ளையா வரணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது வெள்ளையாக வந்திருந்தது. அமிலத்தைக் கூட்டவில்லை, அளந்து கொடுப்பவளே நான்தான். பூவும் அதே தோட்டத்துப் பூ. பின் எப்படி? அன்று காலை சரக்குப் பெட்டி லோரியில் ஏறித் துறைமுகத்துக்குக் கிளம்பிய பிறகு, சோதனைக்காக எடுத்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு பூவை எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு இருந்தது. ஆனால் அமிலத்தின் புளிப்பு நாக்கில் சுருக்கென்று இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. துவர்ப்புகூட அடங்கியிருந்தது.

தலைக்கு வலை மாட்டி, கையைக் கழுவி, ரப்பர் காலணிக்குள் நுழைந்து நறுக்கும் கூடத்துக்குப் போனேன். அங்கே எல்லாருக்கும் மூத்தவர் ஒரு அக்கா. நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பே அங்கே கத்தி பிடித்தவர். என்னைவிட வேகம், என்னைவிட வாய்.

"அக்கா, இந்தத் தடவ பூ எப்படி இவ்ளோ வெள்ளையா வந்துச்சு?"

முகக்கவசத்துக்குள் அவர் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "புடிச்சிருக்கா? பாஸும் கேட்டாரு. நான் சொல்லலியே."

"எனக்குச் சொல்லுங்க."

"வீட்ல செய்றதுதான் தங்கச்சி. நீ வாழப்பூ ஆஞ்சதே இல்லியா? ஊற வைக்கிற தண்ணில மோர் ஊத்துனேன். நானே கடைஞ்சு கொண்டாந்தேன், போத்தல் போத்தலா. உன் மருந்தெல்லாம் அதுகிட்ட நிக்குமா?"

எங்கள் பையின் பின்பக்கத்தில் மூன்றே பொருள்கள் அச்சாகியிருக்கும்: வாழைப்பூ, தண்ணீர், சிட்ரிக் அமிலம். பால் சம்பந்தப்பட்ட எதுவும் இருந்தால் அதை அங்கே சொல்லியே ஆகவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு மாதிரி இல்லை. உதடு தடிக்கும், தொண்டை வீங்கி மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு துளியே போதும். பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் அப்படி வரும். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் கடையில் நின்று பையின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள். எங்கள் பையைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கூடையில் போடுவார்கள்.

"அக்கா, பால் எதுவும் உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு பாடமே நடத்துனேனே!"

"பால்தானே சொன்ன? நான் எங்க பால் கொண்டாந்தேன்? வெண்ண எடுத்த மோரு. அதுல என்ன இருக்கு, வெறும் தண்ணி."

கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தைகளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. கூடம் முழுவதும் கத்திகள் நின்றன. குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்காவின் கண்ணிலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது.

வெளியே ஓடிவந்து லோரி ஓட்டுநரை அழைத்தேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"போர்ட்டு கேட்டுக்கிட்ட வந்துட்டேன். முன்னால ரெண்டு மூணு லோரிதான். ஏன்?"

"உள்ள போவாதீங்க."

"வெளையாடுறியா? பின்னாடி எவ்ளோ லோரி நிக்குதுன்னு தெரியுமா? திருப்ப முடியாது லா."

"பெட்டி உள்ள போச்சுன்னா என்னால வெளிய எடுக்க முடியாதுண்ணே. கப்பல் ஏறிடும். சாப்பாட்டுல தப்பு நடந்து போச்சு. கெஞ்சிக் கேக்குறேன்."

ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. அவர் யாரையோ மலாயில் திட்டினார். என்னை இல்லை என்று நம்புகிறேன். தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். முதலாளியின் அறைக்குப் படியேறிக்கொண்டே அழைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஓட்டுநரே கூப்பிட்டார்.

"ஓரங்கட்டி பொனட்டத் தூக்கி வெச்சுட்டேன். லோரி ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கேன். கேட்டு செக்யூரிட்டி வந்து கத்திக்கிட்டு இருக்கான். சீக்கிரம் முடிவு சொல்லு, எவ்ளோ நேரம் எஞ்சினையே பாத்துக்கிட்டு நிக்கிறது?"

முதலாளி நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "மோர்தானம்மா? என்னமோ வெஷத்த ஊத்துன மாதிரி ஓடியாரியே."

"சில பேருக்கு வெஷந்தான் பாஸ்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அவர் வியாபாரி. சரக்கு இன்னும் நம் கையில் இருக்கிறது, திருப்பிக் கொண்டுவந்தால் நஷ்டத்தோடு போகும், போய்ச் சேர்ந்தால் பெயரும் சேர்ந்து போகும் என்பது புரிந்தது. பெட்டியின் குளிர்சாதனம் கெட்டுவிட்டது என்று மெல்பர்னுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். பொய்தான். பெட்டி திரும்பி வந்தால் போதும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

மதியத்துக்கு முன்பே லோரி திரும்பிவந்து முற்றத்தில் பின்னால் நகர்ந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, "எனக்கு நடிப்பு வரும்னு எனக்கே தெரியாது தங்கச்சி," என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தப்பித்தோம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

கத்தியதற்காக ஒரு வார்த்தை தன்மையாகப் பேசலாம் என்று அக்காவைத் தேடிப் போனேன். சாப்பாட்டு அறையில், பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அருகில் உட்கார்ந்து, எந்தெந்தத் தொட்டியில் ஊற்றினார் என்று கேட்டேன். எல்லாவற்றிலும் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போன தடவையும் ஊத்துனேன் தங்கச்சி. பயந்து பயந்து கொஞ்சமாத்தான் ஊத்துனேன். சரியா வெளுக்கல. அதான் இந்தத் தடவ கூட ஊத்துனேன்."

போன தடவைச் சரக்கு கப்பலேறி, மெல்பர்ன் போய்ச் சேர்ந்து, கடைகளுக்குப் பிரிந்து போயாகிவிட்டது. லோரியை நிறுத்தியதுபோல் அதை நிறுத்த முடியாது. இந்த நிமிஷத்தில் யாரோ ஒருவர் வீட்டு உறைபெட்டியில் அது இருக்கிறது. யாரோ ஒருவர் அதை எடுத்து வெளியே வைத்திருக்கலாம்.

முதலாளி வாழையிலைச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்தார். பக்கத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், கடையில் கட்டிக்கொடுத்த மோர்.

நான் சொல்லி முடித்தேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நம்ம சரக்காலதான் வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் பாஸ்? பைல பாலுன்னே இல்லியே."

"அப்ப லேப்புக்கு அனுப்பு. ஷா ஆலம்ல குடு. பாலு இருக்குன்னு முடிவு வரட்டும், அப்பறம் பேசுவோம்."

"முடிவு வர்றதுக்குள்ள ஒரு புள்ள சாப்பிட்டுட்டா?"

"நீ இப்ப ஃபோன் பண்ணுனா என்ன ஆவும் தெரியுமா?" அவர் குரல் உயரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "அந்த ஊர் அதிகாரிங்களுக்குத் தெரியும். நம்ம பேரு எல்லா எடத்துலயும் வரும். மத்த நாட்டுக்காரனும் வாங்க மாட்டான். இந்தக் கதவச் சாத்துனா பண்டமாரான்ல எத்தன வீட்ல அடுப்பு எரியாதுன்னு யோசிச்சியா? அந்த அக்கா வீட்டையும் சேத்துத்தான்."

யோசித்திருந்தேன். என் வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் யோசித்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீங்க பேசலைன்னா நான் பேசுவேன் பாஸ். உங்க ஆளாப் பேசணுமா, வெளி ஆளாப் பேசணுமான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கதவு தட்டும் சத்தம். அக்கா. நெற்றியில் வலையின் தடம் அப்படியே இருந்தது.

"பாஸ், தங்கச்சியத் திட்டாதீங்க. செஞ்சது நான்."

"ஏன்கா செஞ்சீங்க?" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"நீங்கதானே சொன்னீங்க, எப்படியாவது வெள்ளையா வரணும்னு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மோரு எப்படி பாஸ் ஆளக் கொல்லும்? வருசா வருசம் பத்துமலைக்கு நடந்து வர்றவங்களுக்கு நான்தான் மோர் கரைக்கிறேன். வெயில்ல மயங்குனவன் எந்திரிச்சு ஒக்காருவான். புள்ளைங்களுக்கு சூடுன்னா அதத்தானே குடுப்போம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே கேள்விதான் இருந்தது, கேட்கத்தான் வெட்கம். அதுவரை இருவரிடமும் நான் சட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது சட்டத்தை விட்டுவிட்டேன். பயிற்சிக்குப் போனபோது ஒரு காணொளியில் பார்த்ததைச் சொன்னேன். ஒரு சின்னப் பிள்ளை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, நாக்கு பெரிசாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்கிறது. அம்மா விளையாட்டு என்று நினைக்கிறாள். அப்புறம் அதற்குப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்கிறது.

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி இலையை மடித்தார். பாதிச் சோறு அதற்குள்ளேயே இருந்தது.

"நீயே பேசு," என்றார். அட்டையை என் பக்கம் தள்ளினார். "எனக்கு இங்கிலீஷ்ல யாவாரம் பேசத்தான் தெரியும். மன்னிப்புக் கேக்க வராது."

நான் பேசினேன். மெல்பர்ன் வியாபாரி நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் இல்லை என்று சொல்லிவிட மாட்டேனா என்பதுபோல. கடைசியில் அன்றே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாள், சரக்கைத் திரும்பப் பெறச் சொல்லி அந்நாட்டு அதிகாரிகள் வெளியிட்ட அறிவிப்பில் எங்கள் பையின் படம் வந்தது. கோலம் போட்ட ஓரம், நடுவில் வாழைப்பூ. அந்தக் கோலத்தை முதலாளியின் மனைவிதான் தேர்ந்தெடுத்திருந்தார். முதலாளி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்று கணக்கர் மூலமாகக் கேட்டனுப்பினார். அவரை அனுப்பினால் நாளைக்கு வேறு யார் என்ன செய்தாலும் நம்மிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று பதில் அனுப்பினேன். அக்கா வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வாழைப்பூ நறுக்குவது நின்றது. மற்ற வாடிக்கையாளர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். பகுதி நேரம்தான் வேலை இருந்தது. நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். முன்பெல்லாம் தங்கள் நாசி லெமாக் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளிய பெண்கள், இப்போது நான் உட்கார்ந்ததும் அவசரமாக எழுந்து போனார்கள். ஆய்வகத்து முடிவு வந்தது. பால் இருக்கிறது என்றது. அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தது வேறு. தொலைபேசி மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் யாரோ ஒரு பிள்ளையின் செய்தி என்றே தோன்றும்.

ஒரு நாள் அந்த அழைப்பு வந்தது. பெண் குரல், தமிழ்நாட்டுத் தமிழ்.

"வாழைப்பூ பாக்கெட்டுல இந்த நம்பர் போட்டிருந்துச்சு. நீங்கதான் அந்தக் கம்பெனியா?"

ஆமாம் என்றேன். அவருக்கு நான்கு வயது மகன். பால் ஆகாது. அறிவிப்பு வருவதற்குப் பல நாள் முன்பே, வாழைப்பூப் பொரியல் சாப்பிட்டவனுக்கு முகம் வீங்கி, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போயிருக்கிறார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். ஓடுறான், ஆடுறான். அன்னிக்கு என்ன குடுத்தீங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. பாலு எதுவுமே குடுக்கலைன்னு சொன்னேன். யாரும் நம்பல. வீட்டுக்காரர்கூட, கரண்டிய மாத்திப் போட்டியான்னு கேட்டாரு. நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். கரண்டி, சட்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். அப்பவும் பயம் போகல. அவனுக்கு ஊட்டவே மாட்டேன்னு விட்டுட்டேன். அவங்கப்பாதான் ஊட்டுவாரு. அம்மா ஊட்டுன்னு அழுவான், நான் வேற ரூமுக்குப் போயிடுவேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே தெரிந்தது.

"திட்டத்தான் கூப்பிட்டேன்," என்றார். அழுதுகொண்டிருந்தார். "நேத்துதான் கடையில அந்த நோட்டீசப் பாத்தேன். அங்கேயே நின்னு அழுதேன். வீட்டுக்கு வந்து நானே அவனுக்குச் சோறு ஊட்டுனேன்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாதாரணக் குரலுக்கு மாறிக் கேட்டார்: "உங்க முருங்கைக் கீரை ஒரு பாக்கெட் ஃபிரீசர்ல இருக்கு. அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். குடுக்கலாமா?"

கொடுக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பையின் பின்பக்கத்தில் இருப்பதை எழுதியவளே நான்தான். முருங்கைக் கீரை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன், அதுவரை பையைப் பிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, எந்த நாள் அடைத்த பை என்று காட்டும் தொகுதி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

கீழே கீரைப் பிரிவுக்குப் போனேன். அந்தத் தொகுதியில் வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தினேன். விதிமுறை என்ன என்று கேட்கவில்லை. "வீட்ல முருங்கைக் கீரைய எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டேன். உருவுவோம், அலசுவோம், வடியவைப்போம் என்றார்கள். அலசுற தண்ணியில ஏதாவது போடுவீங்களா? உப்பு போடுவோம், இங்க அதுவும் போடுறதில்ல என்றார்கள். ஒருத்தி, "எங்கள சந்தேகப்படுறியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஆமாம் என்றேன். அதே தொகுதியில் எடுத்து வைத்திருந்த பையைப் பிரித்து முகர்ந்தேன், தின்றேன். வாழைப்பூ விவகாரத்துக்குப் பிறகு வாங்கி வைத்திருந்த பால் சோதனைக் குச்சியை, கீரையிலிருந்து உருகி வடிந்த தண்ணீரில் நனைத்து, ஒரு கோடு மட்டும்தான் வருகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்தேன். பாலுக்கான கோடு வரவில்லை. இன்னொரு குச்சியை நனைத்தேன். அதிலும் வரவில்லை.

பிறகு அவரை அழைத்து, "குடுங்க," என்றேன்.

"அப்பாடா," என்றார். இன்றைக்கே செய்துவிடுகிறேன், இங்கே சாப்பாட்டு நேரம் ஆகப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடித்து, கை கழுவி, விளையாடப் போயிருக்கும் என்று மனம் ஒப்புக்கொள்ளும் வரை நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை.